நடுராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியது யார்?

கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள் என்று போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பாதி கண்ணைப் பற்றியவை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் கணவர் கிரில் பட்டறையில் ஹெல்பர். போன வாரம் சாயங்காலம் 4 மணிக்கு ஒரு கேட்டை நகராமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், மேஸ்திரி வெல்டிங் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு நன்றாகத்தான் படுத்தார். 11.30 மணிக்கு எழுந்து, கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கிறது என்று துடிக்கிறார். 4 மணிக்குப் பட்டது 11.30 மணிக்கு ஏன் வலிக்க வேண்டும்?
– வாசகி, கோவை

அந்த மணல் எனக்கும் தெரியும். கல்லூரியில் முதல் வருடம் படிக்கும்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். வெல்டர் அண்ணன் "பாக்காத தம்பி" என்று இரண்டு தடவை சொன்னார். நான் நேராகப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால்தான் பார்த்தேன், அதில் ஒன்றும் ஆகாது என்று நினைப்பு. நடுராத்திரியில் வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்ததால் கண் பட்டுவிட்டது என்று பாட்டி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்தப் புகையும் சேர்ந்துகொண்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கருவிழி என்று நாம் சொல்வது உண்மையில் கருப்பே இல்லை, கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடிபோல முன்னால் நிற்கிற தெளிந்த பகுதி அது. கருப்பாகத் தெரிவதெல்லாம் அதற்குப் பின்னால் இருப்பவை. இந்தக் கண்ணாடிக்கு மேலே மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. 5 முதல் 7 அடுக்கு செல்கள், எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனம்தான். வெல்டிங் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்சுடர்) கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சத்தோடு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வாரி இறைக்கிறது. அதில் அலைநீளம் 290 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதைக் கருவிழி கிட்டத்தட்ட உள்ளேயே விடாது, மொத்தத்தையும் தானே வாங்கிக்கொள்ளும். 270 பக்கத்தில் வரும் கதிர்தான் அதற்குக் கொஞ்சமும் ஆகாது.

எவ்வளவு பட்டால் போதும் என்கிறீர்கள்? அந்த 270 நானோமீட்டர் கதிர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 3, 4 மில்லிஜூல். இது எவ்வளவு சின்ன அளவு என்று நானே பேப்பரில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அவ்வளவு சக்தியும் அந்த மெல்லிய தோலுக்குள்ளேயே வெப்பமாக மாறினாலும் சூடு கால் டிகிரிகூட ஏறாது. ஆகவே இதைச் சுட்டுவிட்டது, வெந்துவிட்டது என்று சொல்வதெல்லாம் சரியில்லை. அடுப்பில் கை பட்டால் அந்த நொடியே வலிக்கும், இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது ரசாயனம். பச்சை வெளிச்சத்தின் ஒரு ஒளித்துகளைவிட இந்தக் கதிரின் ஒரு துகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ ஏணியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு படிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்க அது போதும். படி ஒட்டிக்கொண்டால் செல்லால் அந்த இடத்தைப் படிக்க முடியாது, படியெடுக்கவும் முடியாது.

இப்படி அடிபட்ட செல் உடனே சாவதில்லை, பழுது பார்க்க முடியுமா என்று பார்க்கிறது, முடியாது என்று தெரிந்தால் தன்னைத் தானே முறையாகக் கலைத்துக்கொள்கிறது. அதற்குத்தான் உங்கள் கணவருக்கு ஏழரை மணி நேரம் பிடித்தது. அவர் குளித்தபோதும் சாப்பிட்டபோதும் கண்ணுக்குள் அந்த வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. செல்கள் சுருங்கி, பக்கத்துச் செல்லோடு இருந்த பிடியை விட்டு, இமைக்க இமைக்கக் கண்ணீரோடு கழன்று போக, கீழே இருக்கும் நரம்பு முனைகள் வெளியே வந்துவிடுகின்றன. கருவிழியில் நரம்பு முனைகள் தோலில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு நெருக்கம். அவற்றின் மேல் இமை ஒவ்வொரு தடவை உரசும்போதும் மூளை அதை மணல் என்று படிக்கிறது. மணல் கிடையாது, கூரை போய்விட்டது, அவ்வளவுதான்.

வெளிச்சம் எவ்வளவு அதிகம் பட்டதோ அவ்வளவு சீக்கிரம் வலி வரும். அரை மணியிலும் வரலாம், 12 மணி நேரம் கழித்தும் வரலாம், வழக்கமாக 6 மணி நேரத்துக்கு மேல். இன்னொன்று, பட்டறையில் பல பேருக்கு இது தெரியாது: ஒரு நாளில் படுவது எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) அடிக்க ஒரு விநாடி, அடுத்த டேக்குக்கு ஒரு விநாடி என்று நாற்பது டேக் என்றால் நாற்பது விநாடி. ஆர்க்குக்கு ஓரிரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது தாராளமாகப் போதும். மேஸ்திரி கையில் கருப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டு இருக்கும், பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்பருக்கு இருக்காது. ராத்திரி துடிப்பது பெரும்பாலும் ஹெல்பர்தான்.

செல் "தற்கொலை" செய்துகொள்ளும் என்று எங்கள் உயிரியல் பாடத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. ஒரு செல் எப்படி ஐயா சாவது என்று முடிவெடுக்கும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

இதற்கு அப்பொப்டோசிஸ் என்று பெயர். கெர், வைலி, கரி என்ற மூன்று பேர் 1972-ல் எழுதிய கட்டுரையில் வந்த சொல். அபர்டீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் கார்மாக் என்ற பேராசிரியரிடம் கேட்டு வைத்த பெயர். மரத்திலிருந்து இலை உதிர்வதற்கும் பூவிலிருந்து இதழ் உதிர்வதற்கும் கிரேக்கத்தில் அந்தச் சொல்தானாம். பழுத்த ஓலை விழும்போது குருத்தோலை சிரித்தது என்று சொல்லும் நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கிரேக்கம் தேவையில்லை. கருவிழியின் மேல்தோல் அந்தத் தென்னை மாதிரிதான்: கீழே குருத்து வந்துகொண்டே இருக்கும், மேலே பழுத்தது உதிர்ந்துகொண்டே இருக்கும், 7 முதல் 10 நாளில் மொத்தத் தோலும் புதுசு. இன்றைக்கும் உங்கள் கண்ணிலிருந்து செல்கள் உதிர்கின்றன, உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. புற ஊதா பட்டால் பழுக்காத ஓலையும் ஒரே ராத்திரியில் சேர்ந்து விழுகிறது, வித்தியாசம் அது ஒன்றுதான்.

எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்டீர்கள். ஒரே வழி இல்லை. டிஎன்ஏ கெட்டுப்போனால் பி53 என்ற புரதம் எச்சரிக்கை மணி அடிக்கும். செல்லின் மேல் சவ்வில் சாவுச் செய்தியை வாங்குவதற்கென்றே சில புரதங்கள் உண்டு, புற ஊதா பட்டால் யாரும் செய்தி அனுப்பாமலே அவை கூட்டம் கூடி மணியடித்துவிடும். எங்கே தொடங்கினாலும் கடைசியில் காஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்ளும். செல்லின் எலும்புக்கூடு போன்ற இழைகளை அவை நறுக்கும், டிஎன்ஏவைத் துண்டாடும் நொதியை அவிழ்த்துவிடும். அப்புறம் செல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துவிடும், அந்தப் பொட்டலங்களைப் பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் பொட்டாசியம். ஒரு செல்லுக்குள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும், வெளியே இரத்தத்தில் 4 அல்லது 5தான். உள்ளே அது நிறைந்திருக்கும்வரை காஸ்பேஸ்கள் அடங்கிக் கிடக்கும், காவலுக்கு நிற்பதே அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கால்வின் கல்லூரியில் (இப்போது பல்கலைக்கழகம்) ஜான் யூபெல்ஸ் குழுவினர் மனிதக் கருவிழிச் செல்களைத் தட்டில் வளர்த்து யூவி-பி (யூவி என்றால் புற ஊதா, அதில் பி ஒரு வகை) அடித்துப் பார்த்தார்கள். அடித்த சில நிமிடங்களிலேயே சவ்வில் இருக்கும் பொட்டாசியக் கதவுகள் திறந்து உள்ளே இருந்தது வெளியே கொட்ட ஆரம்பித்தது. காவல் போனதும் காஸ்பேஸ் எழுந்துகொண்டது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் அழகு: செல்லுக்கு வெளியே இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தை 25 முதல் 100 மில்லிமோல் வரை ஏற்றினார்கள். வெளியிலும் நிறைய இருந்தால் உள்ளே இருப்பது ஏன் ஓடப்போகிறது? செல்கள் சாவது குறைந்தது. 2009-ல் வந்த ஆய்வு இது.

இதைப் படித்தவுடன் கண்ணீர் ஞாபகத்துக்கு வர வேண்டும். கண்ணீரில் பொட்டாசியம் 20 மில்லிமோலுக்கு மேல், அதாவது இரத்தத்தில் இருப்பதைப்போல நாலைந்து மடங்கு. ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு இது ஒரு நல்ல பதிலாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நாள் முழுக்க வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு தோலைத் தினசரி யூவியிலிருந்து காப்பாற்றக் கண்ணீர் ஒரு உப்புப் பூச்சுப் பூசி வைத்திருக்கிறது. தட்டில் பார்த்தது கண்ணிலும் அப்படியே நடக்கும் என்று எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் அந்த எண்கள் இவ்வளவு பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறதே, குடித்தால் கண்ணுக்கு நல்லதா? கண்ணிலேயே விடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

(முந்தைய பதிலின் விஷயத்தை நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னேன், அவர் கேட்டது இது. எப்படியும் பத்துப் பேர் கேட்பார்கள் என்று சேர்த்துவிட்டேன்.)

குடியுங்கள், தாகத்துக்கு நல்லது. கண்ணீரின் பொட்டாசியம் அதனால் கூடாது. இரத்தத்தில் அது 3.5-லிருந்து 5-க்குள் நிற்கும்படி சிறுநீரகம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, கூடுதலாக வந்ததை வெளியே தள்ளிவிடும். கண்ணில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெட்டிய இளநீர் கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு.

வெல்டிங் வேலையில் 14 வருடம். கண்ணில் அடித்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து தருவார்கள், விட்ட நிமிடமே வலி பறந்துவிடும். வீட்டில் உருளைக்கிழங்கு வெட்டி வைப்போம், பக்கத்து வீட்டில் தாய்ப்பாலும் வாங்கி விட்டிருக்கிறேன். எது சரி?
– வாசகர், ஈரோடு

விட்ட நிமிடமே வலி பறந்துவிடுகிறது என்றால் அது அநேகமாக மரத்துப்போக வைக்கும் மருந்து. பல் பிடுங்கும்போது ஈறில் ஊசி போடுவார்களே, அந்த வகை. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கோகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டுக் கண்டுபிடித்த சங்கதி, கண் ஆபரேஷனையே மாற்றிய விஷயம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது டாக்டர் கையில் பரிசோதனை நேரத்தில் ஒரு சொட்டு விடுவதற்கு. வீட்டில் வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு தரம் விட்டால் நடப்பது வேறு: உதிர்ந்த இடத்தை மூட ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் புதுச் செல்களை இந்த மருந்து நகர விடாது. அதோடு கண் மரத்துக் கிடப்பதால் தூசி விழுந்தாலும் தெரியாது, இமைப்பதும் குறையும். இரண்டு மூன்று நாளில் ஆற வேண்டியது வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்து புண்ணாகி, கருவிழி ஓட்டை விழுந்தவர்கள் உண்டு. இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன், அந்தப் பாட்டில் வீட்டில் இருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள்.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தும் அப்படித்தான், சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. நம் பக்கத்தில் கருவிழிப் புண்ணில் பூஞ்சைக் கிருமி சாதாரணமாக வரும் விஷயம், வயல் வேலை செய்பவர்களுக்கு இன்னும் அதிகம். பூஞ்சை இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விடுவது எரியும் கூரையில் காற்று வீசுவதுபோல.

உருளைக்கிழங்கு வைத்தால் குளிர்ச்சி, மூடிய இமைக்கு மேலே வைக்கும்வரை கெடுதல் இல்லை; ஆனால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியும் அதே வேலையைச் செய்யும், சுத்தமாகவும் இருக்கும். தாய்ப்பால் பற்றி எழுதினால் பாட்டிமார்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மேல்தோல் உதிர்ந்து திறந்து கிடக்கும் கருவிழியில் சர்க்கரையும் கொழுப்பும் கிருமியும் உள்ள எதையும் விடக் கூடாது. பன்னீர், விளக்கெண்ணெய் எல்லாம் இதே கணக்கு.

செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. இருட்டறையில் படுங்கள். வலிக்கு வாயால் சாப்பிடும் மாத்திரை, கண்ணுக்குக் கண்ணீர் மாதிரி ஈரம் தரும் சொட்டு, கிருமி வராமலிருக்கக் களிம்பு, இவற்றை டாக்டர் எழுதித் தருவார். டாக்டர் என்ன பார்ப்பார் தெரியுமா? ஆரஞ்சுச் சாயம் தோய்த்த ஒரு காகிதக் கீற்றை நனைத்துக் கீழ் இமைக்குள் லேசாகத் தொடுவார். அப்புறம் நீல விளக்கைப் போட்டு உருப்பெருக்கியில் பார்த்தால் செல் உதிர்ந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளியாக மின்னும், வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல. மறுநாள் போனால் பாதிப் புள்ளி மறைந்திருக்கும். 1 முதல் 3 நாளில் எல்லாம் மறைந்துவிடும்.

மூன்று நாளாகியும் தீரவில்லை, பார்வை மங்குகிறது, அல்லது ஒரு கண்ணில் மட்டும் குத்துகிறது என்றால் அது வேறு கதை. வெல்டிங் ஒளி பெரும்பாலும் இரண்டு கண்ணையும் பிடிக்கும். ஒரு கண் மட்டும் என்றால் கிரைண்டிங் போட்டபோது பறந்த இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். அதை எடுக்க வேண்டும், விட்டால் சுற்றிலும் துருப்பிடிக்கும்.

2019 டிசம்பர் கிரகணத்தன்று வெறும் கண்ணால் பார்த்தேன். ராத்திரி வலிக்கவே இல்லை. அப்படியானால் தப்பித்தேனா?
– வாசகர், திண்டுக்கல்

வலிக்காதது நல்ல அடையாளம் இல்லை. கிரகணத்தில் கெடுவது முன்னால் இருக்கும் கருவிழி அல்ல, பின்னால் இருக்கும் விழித்திரை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் கண்ணின் லென்ஸே குவித்து அங்கே அனுப்பிவிடுகிறது. விழித்திரையில் வலி தெரியும் நரம்பு கிடையாது. அங்கே சத்தமில்லாமல் கெடும், நடுப்பார்வையில் ஒரு கறை விழும், சில பேருக்குப் போகாது. இத்தனை வருடத்தில் எழுத்து நெளியவில்லை, நடுவில் மறைப்பு இல்லை என்றால் நீங்கள் தப்பித்தவர்தான்.

அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது, மூக்குப் பக்கமாக. அவரோடு வேலை செய்த இன்னும் இரண்டு பேருக்கும் அதே மூக்குப் பக்கம்தான். வெயில் எல்லாப் பக்கமும்தானே அடிக்கிறது?
– வாசகர், தூத்துக்குடி

அருமையான கேள்வி, இந்தக் கட்டில் எனக்குப் பிடித்த கேள்வியே இதுதான். உச்சி வெயிலைப் புருவமும் இமையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கீழேயிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்குத் தடுப்பு இல்லை. புதுப் பனி யூவியில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், பனிமலைக்குப் போகிறவர்களுக்கு உங்கள் வெல்டிங்காரருக்கு வரும் அதே ராத்திரி வலி வருவது அதனால்தான். உலர்ந்த கடற்கரை மணல் 15 சதவீதம். வெள்ளை வெளேர் என்று உப்பு விரித்த பாத்தியில் நின்றவருக்குக் கீழேயும் ஒரு சூரியன் இருந்தமாதிரிதான்.

மூக்குப் பக்கம் ஏன் என்பதற்குப் பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, மினாஸ் கொரொனியோ என்ற கண் டாக்டர் காட்டியது. நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழியின் வளைவு லென்ஸ்போல வளைத்து எதிர் ஓரத்தில், அதாவது மூக்குப் பக்க விளிம்பில், சுமார் 20 மடங்கு குவித்துவிடுகிறது. புதுச் செல்களை உற்பத்தி செய்யும் விதைச் செல்கள் குடியிருப்பது அந்த விளிம்பில்தான். மேல்தோலில் அடிபட்ட செல் செத்து உதிர்ந்துவிடும், கணக்குத் தீர்ந்தது. விளிம்பில் இருப்பது உதிராது, அடியை வருடக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரே ராத்திரியில் துடிக்க வைத்தது மூன்று நாளில் ஆறிவிடுகிறது, முப்பது வருடம் வலிக்காமல் பட்டது சதையாக வளர்கிறது. சதை கருவிழியின் நடுவை நெருங்கும் முன் அப்பாவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கருப்புக் கண்ணாடி எவ்வளவு கருப்பாக இருக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

கருப்புக்கும் யூவிக்கும் சம்பந்தமில்லை. யூவி 400 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், பக்கவாட்டிலும் மூடியிருந்தால் இன்னும் நல்லது. காரணம் மேலே உப்பளத்தில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய யூவி விளக்குக் குச்சி வீட்டில் கிடக்கிறது. பேரன் அதை எடுத்து விளையாடுகிறான்.
– வாசகி, சென்னை

பிடுங்கி வையுங்கள். கிருமி கொல்லும் விளக்கு என்றால் பெரும்பாலும் 254 நானோமீட்டர், கருவிழிக்கு ஆகாத 270-க்குப் பக்கத்து வீடு. வெல்டிங்காவது கண்ணைக் கூச வைத்து எச்சரிக்கும், இது மங்கலான நீலமாக எரியும், குழந்தை முறைத்துப் பார்க்கும். பெரியவர்களும் ஏமாறுவார்கள்: 2023 நவம்பரில் ஹாங்காங்கில், குரங்குப் படங்களை டிஜிட்டல் சொத்தாக வாங்கி வைத்திருந்தவர்கள் கூடிய விழாவில், அலங்காரத்துக்கு வைத்த யூவி விளக்கால் பல பேர் ராத்திரியில் கண்ணைத் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

(மீண்டும் கோவை வாசகி, வாட்ஸ்அப்பில்) இப்போது சரியாகிவிட்டது, திங்கட்கிழமை மறுபடி கேட் பிடிக்கப் போகிறார். என்ன வாங்கிக் கொடுப்பது?

நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடி, பக்கவாட்டு மூடியோடு. கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் அந்தப் பிளாஸ்டிக் யூவியை உள்ளே விடாது, ஹெல்பர் அதைப் போட்டுக்கொண்டு வேலையும் பார்க்கலாம். ஆர்க்கை நேராகப் பார்க்க அது போதாது, அதற்கு மேஸ்திரி வைத்திருக்கும் கருப்புக் கண்ணாடிதான். பட்டறைச் சுவர் வெள்ளையடித்திருந்தால் ஆர்க்குக்கு முதுகைக் காட்டி நின்றாலும் சுவரில் பட்டு வரும், அதனால் கழற்ற வேண்டாம். அப்புறம் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், ராடைத் தொட வைக்கும் முன்னால் "வைக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுக்கட்டும்.